உள்வயது அறுபத்தொரு நாள்

காலை ஒன்பது மணிக்கு நொய்யல் இடைநிறுத்தகத்தின் கதவு திறக்கும்போது வாசலில் நாற்பது பேராவது நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் எண் பொறித்த தகடு ஒன்று இருக்கும். முகப்பு மேசையில் பெனிட்டா அதை வாங்கி இயந்திரத்தில் செருகுவாள். உள்ளே எங்கோ பெட்டிகளைச் சுமக்கும் பட்டைத் தடம் ஓடும் சத்தம் கேட்கும். சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் பன்னிரண்டாயிரம் அறைகளில் ஒன்றிலிருந்து ஒரு பெட்டி நழுவி வந்து கூடத்து மேசையில் நிற்கும். வந்தவர் அதைத் திறந்து, பாதியில் விட்டிருந்த தன் வேலையை எடுத்துச் செய்வார். ஒரு மணி நேரம் முடிந்து மணி அடித்ததும் மறுபடி உள்ளே வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்.

நாவரசு அங்கே பராமரிப்புப் பொறியாளர். ஐம்பத்தெட்டு வயது. பெட்டிகளின் விளிம்புகளைத் துடைப்பதும் பூட்டு அழுத்தத்தைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது, புதிதாக வருகிறவர்களுக்குப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதுதான்.

அரசு ஆவணங்களில் அதற்குக் காலநிறுத்தி என்று பெயர். கடைக்காரர்கள் ஸ்டில் பாக்ஸ் என்றார்கள். வீடுகளில் வெறும் ஸ்டில். "நிறுத்திங்கறது சும்மா பேருக்குத்தானுங்க. காலம் எங்கயும் நிக்காது. மெதுவாப் போகும், அவ்வளவுதான்" என்று நாவரசு தொடங்குவார். வெளியே ஓர் ஆண்டு ஓடினால் உள்ளே அரை விநாடி. கரண்டியிலிருந்து ஒரு சொட்டுத் தேன் விழத் தொடங்கியதும் பெட்டியை மூடினால், அது கிண்ணத்தைத் தொட மூன்று தீபாவளி ஆகும். மூடும்போதும் திறக்கும்போதும்தான் மின்சாரம் தின்னும். மூடியபின் ஒரு சிறு விளக்கு எரிகிற அளவுகூட ஆகாது. அதனால்தான் ஒரு பெட்டிக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்று விதி. உயிருள்ள எதையும் வைக்க முடியாது. விளிம்பின் இந்தப் பக்கம் ரத்தம் வேகமாகவும் அந்தப் பக்கம் மெதுவாகவும் ஓடினால் உடம்பு தாங்காது. எனவே உள்ளே எங்காவது இதயத் துடிப்பு கேட்டால் பூட்டு விழாது.

ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் இரண்டு எண்கள் ஒளிரும். ஒன்று வெளிவயது: வைத்து எத்தனை ஆண்டுகள் என்பது. மற்றது உள்வயது: உள்ளிருக்கும் பொருளைப் பொறுத்தவரை எவ்வளவு நேரம் கழிந்திருக்கிறது என்பது.

அன்று காலை பன்னிரண்டாம் மேசையில் பூபதி ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்து முட்டை அடிக்கும் கரண்டியால் கேக் மாவை அடித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு வந்து பத்து நிமிடம் அடிப்பார். பெட்டியின் நெற்றியில் பத்தொன்பது ஆண்டுகள் என்று ஓர் எண்ணும், மூன்று மணி இருபது நிமிடம் என்று இன்னோர் எண்ணும் இருந்தன.

"எப்படிப் போகுதுங்க பூபதி?" என்றார் நாவரசு.

"இன்னும் ஒரு சுத்து எழும்போணுங்க. பாருங்க, கரண்டியத் தூக்குனா நுனி சாயுது. சாயாம நிக்கோணும்."

"பாப்பாவுக்கு இப்ப எத்தனைங்க?"

"நாளன்னைக்கு இருவது முடியுது. முதல் பொறந்தநாளுக்குன்னு ஆரம்பிச்சதுங்க."

"விடுங்கண்ணா, கல்யாணத்துக்கு வெட்டிக்கலாம்" என்று பெனிட்டா முகப்பிலிருந்தே கத்தினாள். பூபதி உள்பட எல்லாரும் சிரித்தார்கள்.

அப்படிக் கேலி செய்வதில் தவறில்லை. தவறு எதில் என்றால், 'முடிச்சாச்சா?' என்று கேட்பதில். பெட்டிகள் வந்த பத்தாண்டுகளுக்குள் அது கேட்கக்கூடாத கேள்வியாகிவிட்டது, ஒருவரின் சம்பளத்தைக் கேட்பதைப்போல. எப்படிப் போகுது என்று மட்டும்தான் கேட்கலாம். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. நேரம் இருக்கிறதே.

அதற்கு முன் மனிதர்கள் ஏன் எதையும் முடித்தார்கள் என்று நாவரசு சில சமயம் யோசிப்பதுண்டு. மாவு புளிக்கும், சிமெண்ட் இறுகும், வண்ணம் தட்டிலேயே உலரும். வேறு வழியில்லாமல்தான் முடித்தார்கள். அந்த நெருக்கடி போனதும், கெடாத பொருள்களுக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. நகரத்தில் கடைசியாக ஒரு புதிய நாடகம் அரங்கேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நாடகங்கள் நானூறு இருந்தன. அவற்றில் சில மிக அற்புதமானவை என்று பேச்சு.

நாவரசுக்கும் அங்கே ஒரு பெட்டி இருந்தது. புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும் அவர் தன் சட்டையை மாற்றிக்கொண்டு, மற்றவர்களைப்போலவே தகட்டைப் பெனிட்டாவிடம் நீட்டுவார். பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு களிமண் தலை இருந்தது. வெளிவயது இருபத்தொன்பது ஆண்டு. உள்வயது அறுபத்தொரு நாள்.

அது மிதிலாவின் முகம். திருமணமான முதல் வருடம், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். சிற்பி ஆகவேண்டும் என்பது நாவரசின் ஆசை. பொறியாளர் வேலை அதுவரைக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டார். முதல் சிற்பம் இது. இதைச் சுட்டு முடித்ததும் அடுத்தது என்று திட்டம்.

களிமண்ணில் ஒரு சங்கடம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை அது எதற்கும் சம்மதிக்கும். காய்ந்து தோல் பதத்துக்கு வந்தால் கத்தியால் சீவலாம், ஆனால் கூட்ட முடியாது. சூளையில் வைத்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கி, கல்லாகி, இனி எந்தக் கைக்கும் வளையாது. அதன்பிறகு மூக்கு கோணல் என்றால் கோணல்தான். அந்தக் கடைசிப் படிக்குப் போக நாவரசுக்குத் துணிவு வரவில்லை. அதனால் ஏழாவது வாரம் கன்னத்தைச் சரிசெய்தார். எட்டாவது வாரம் நெற்றி. நெற்றி மாறினால் புருவம் மாறவேண்டும். இப்படி ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு மணி நேரம்.

மிதிலா அதைப் பார்த்ததில்லை; உட்கார்ந்து காட்டிய நாட்களில்கூட மண்ணின் முதுகுதான் அவள் பக்கம் இருந்தது. முடியட்டும், காட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளுக்குள் எண்ணூறு சட்டை கொடுத்தாகவேண்டும். தாமதித்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ஊரில் ஸ்டில் இல்லாமல் நடந்த சில தொழில்களில் அது ஒன்று. பட்டன் துளை கொஞ்சம் தள்ளிப்போன சட்டைகளும் அந்த எண்ணூறில் இருக்கும். அதைப் பற்றி அவள் தூக்கம் கெட்டதில்லை.

அந்த ஆண்டு ஆடி மாதம் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பரிசோதித்தபோது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கண்ணின் மற்ற எல்லாப் பகுதியையும் புதிதாக வளர்த்துப் பொருத்துகிற அளவுக்கு மருத்துவம் வந்துவிட்டிருந்தது. அந்த ஒரு நரம்பை மட்டும் யாராலும் ஒட்ட முடியவில்லை. தை வரை பார்வை இருக்கும், முன்பின் ஆகலாம் என்றார் மருத்துவர். நாவரசின் காதில் தை மாதம் மட்டும் விழுந்தது.

கடையைக் கைமாற்றிக் கொடுத்த அன்று மாலை, மிதிலா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்த மண்ணு மூஞ்சிய ஒருக்காப் பார்த்தரலாம்னு இருக்குதுங்க. தெரியறப்பவே."

நாவரசு காபியை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. "உதட்டுகிட்ட இன்னும் கொஞ்சம் வேலை இருக்குது, மிதிலா."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. நானென்ன மார்க்கா போடப்போறேன்?"

"அரைகுறையாக் காட்ட மனசு வரலை."

"இருவத்தொம்பது வருசத்துல அரையாவது ஆயிருக்குதே, சந்தோசம்." சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "நீங்க என்னை எப்படிப் பார்த்தீங்கன்னு ஒருக்காப் பார்க்கோணும். அவ்வளவுதானுங்க. வேற ஒண்ணுமில்லை."

"கண்டிப்பாக் காட்டறேன். மூணு வாரம் குடு."

மூன்று வாரம் ஐந்து வாரமாயிற்று. உதடு சரியானபின் தாடை பெரிதாகத் தெரிந்தது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நாவரசு ஓர் ஆளில்லாப் பெட்டியைத் திறக்கவேண்டியிருந்தது. உரிமையாளர் இறந்து, கேட்டு யாரும் வராவிட்டால், பொறியாளர் ஒரு சாட்சியோடு திறந்து காலி செய்யவேண்டும் என்பது விதி. சாட்சிக்குப் பெனிட்டா வந்தாள். சிங்காரவேலு என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளரின் பெட்டி அது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நானூற்றுப் பத்து முறை திறக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஓர் எழுத்துப் பலகை, மூடி திறந்த பேனா, ஒரு தாள். தாளில் ஒரே வரி. 'அன்புள்ள கோகிலா, அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நான் சொன்னது'. அத்தோடு நின்றிருந்தது. முன்னால் இருந்த சொற்கள் காய்ந்திருந்தன. கடைசிச் சொல் மட்டும் ஈரமாக மினுங்கியது. நாவரசு தெரியாமல் தொட்டுவிட்டார். விரலில் நீல மை ஒட்டிக்கொண்டது.

"கோகிலாங்கறது அவர் தங்கச்சிண்ணா" என்றாள் பெனிட்டா, திரையைப் பார்த்துக்கொண்டே. "அவங்களும் போயிட்டாங்க. ஆறு வருசம் ஆச்சு." தாளை ஒருமுறை பார்த்தாள். "ஒத்த வரிக்கு நானூறு தடவை வந்திருக்காரு மனுசன். என்ன சொன்னாரோ வாசல்ல. 'தப்பு'ன்னு ஒரு வார்த்தை போட்டுக் குடுத்திருந்தா அந்தம்மா மீதிய அவங்களே படிச்சிருப்பாங்க."

நாவரசு சோப்புப் போட்டு விரலைக் கழுவினார். மை போகவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரக் கணக்கு தொடங்குகிறது, அன்றே கூடத்துக்கு வா, காட்டுகிறேன் என்று மிதிலாவிடம் சொன்னார்.

ஞாயிறு அவள் அடர் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பார்வையின் ஓரங்கள் போய்விட்டதால் தலையை அங்குமிங்கும் திருப்பித்தான் நடந்தாள். ஆனால் நேர் எதிரே இருப்பது இன்னும் தெரிந்தது. கூடத்துக்குள் ஒரு தகட்டுக்கு ஓர் ஆள்தான் போகலாம். அதனால் முகப்பிலிருந்த பார்வையாளர் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன், பெனிட்டா உள்ளே விட்டுவிடுவாள் என்று சொல்லிப் போனார். இருவருக்கும் நடுவே முப்பதடி தூரமும் ஒரு கண்ணாடிக் கதவும்.

பெட்டியைத் திறந்தார். துணியை அவிழ்த்தார். அந்த வாரம்தான் கூடத்தின் பழைய மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை விளக்குகள் போட்டிருந்தார்கள், போட்டவரே நாவரசுதான். மஞ்சள் வெளிச்சம் நிழலை மழுப்பும், வெள்ளை மழுப்பாது. அந்த வெளிச்சத்தில் இடது கண்ணின் கீழிமை வலதைவிட ஒரு நூல் இறங்கியிருப்பது பளிச்சென்று தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

பத்து நிமிட வேலை. இமையை ஏற்றிவிட்டுக் கூப்பிடலாம். ஏற்றினார். இப்போது கன்னம் தொங்கலாகத் தெரிந்தது. கன்னத்தை இழுத்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் பெனிட்டாவும் மிதிலாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை மிதிலா இந்தப் பக்கம் திரும்பினாள். நாவரசு சட்டென்று உடம்பால் சிற்பத்தை மறைத்து நின்றார். ஏன் மறைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. தாடையோரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

துணியைச் சுற்றி உள்ளே வைத்தார். பூட்டு விழுந்தது.

"ஆச்சுங்களா?" என்று மிதிலா எழுந்தாள்.

"அடுத்த ஞாயிறு. இமை ஒண்ணு இறங்கியிருக்குது. ஒரே வாரம்."

பெனிட்டா அடுத்தவரின் தகட்டை வாங்கி இயந்திரத்தில் செருகினாள். மிதிலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சரீங்க" என்றாள்.

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக, உதடு அசைய, படித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். சமையலறை மேடை முழுக்க வெளிச்சம். நாவரசு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மிதிலா அடுப்புப் பக்கமிருந்து கேட்டாள்: "மோடம் போட்டு இருட்டிக்கிட்டு வருதுங்களா வெளிய?"

அவர் நிமிர்ந்தார். அவள் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. கண்ணைச் சுருக்கவே இல்லை.

மருத்துவமனையில் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. முன்பின் ஆகலாம் என்று சொல்லியிருந்தேனே என்றார் மருத்துவர். அடுத்து வந்த வாரங்களில் நாவரசு வீட்டிலிருந்த நாற்காலிகளை இடம் மாற்றாமல் பார்த்துக்கொண்டார், சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் வேறு வேறு வடிவத்தில் வாங்கி வைத்தார். மிதிலா அழுதது இரண்டு முறை. ஒருமுறைகூடச் சிற்பத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. புதன்கிழமைகளில் அவர் கூடத்துப் பக்கம் போகவில்லை.

கார்த்திகை பிறந்தபின் ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த மூஞ்சி இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"கையால பார்த்துக்கட்டுங்களா?"

விளக்குவது நாவரசுக்கு எப்போதும் சுலபமாக வரும், அன்று வரவில்லை. "ஈர மண்ணு, மிதிலா. விரல் பட்டாலே அழுங்கிடும். சுட்டிருந்தா கல்லு மாதிரி, எத்தனை தடவை வேணும்னாலும் தடவிப் பார்க்கலாம்."

"அப்பச் சுட்டிருக்கோணுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு சட்டைக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை பெனிட்டா விதியைப் பார்க்கவில்லை. ஒரே தகட்டுக்கு இரண்டு பேரையும் உள்ளே விட்டாள். கூடவே தன் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டாள். நாவரசு பெட்டியைத் திறந்து, துணியை அவிழ்த்து, தலையை மேசை நடுவில் வைத்தார். வெள்ளை வெளிச்சத்தில் அது மிக அழகாக இருந்தது. இரண்டு இமைகளும் ஒரே கோட்டில். குறையென்று சொல்ல எதுவும் அவருக்குத் தென்படவில்லை. மிதிலாவின் மணிக்கட்டுகளைப் பிடித்து மண்ணின் அருகே கொண்டுபோனவர், ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டார்.

"வேண்டாம்னா விட்டரலாங்க" என்றாள் அவள்.

அவர் மணிக்கட்டுகளை விட்டார்.

அவள் நெற்றியில் தொடங்கினாள். புருவம், கண்குழி, கன்னம். அவள் விரல் போன இடமெல்லாம் மெல்லிய தடம் விழுந்தது. ஒவ்வொரு தடமும் எந்த ஆண்டின் வேலை என்று நாவரசுக்குத் தெரியும். மூக்கின் மேல் அவள் விரல் நின்றது. மேலும் கீழும் போயிற்று. இன்னொரு கையால் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

"இது யாருங்க?"

"நீதான்."

"என்ற மூக்கு இப்படி நேரா இருந்ததே இல்லீங்களே. பன்னெண்டாவது படிக்கறப்பப் பஸ்ஸுல கம்பில அடிச்சுக்கிட்டேன். இங்க ஒரு மேடு இருக்குது பாருங்க. கண்ணாலத்தப்பவே இருந்துது."

இருந்தது. முதல் ஆறு வாரத்தில் அவர் அதைச் செய்தும் இருந்தார். மூன்றாவது வருடம், நிழல் சரியாக விழவில்லை என்று வழித்தெடுத்தார். பிறகு, மேடு இல்லாத மூக்குக்குப் பொருத்தமாகக் கன்னத்தை, கன்னத்துக்குப் பொருத்தமாக உதட்டை. ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிட நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமைகளில் அவர் மண்ணைத்தான் பார்த்தார்; வீட்டுக்குப் போய் அவள் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

"யாரோ நல்ல லட்சணமான பொண்ணுங்க" என்றாள் மிதிலா. இன்னும் சற்றுத் தடவினாள். "எனக்குத் தெரியாதவ."

பிறகு அவள் மேசையில் துழாவி, தலையோடு பெட்டியிலிருந்து வந்து ஓரத்தில் கிடந்த மண் உருண்டையிலிருந்து சிட்டிகை அளவு கிள்ளினாள். மூக்கின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. மேலுதட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டாள். அவள் சிரிக்குமுன் அப்படித்தான் தூக்கும். கன்னத்தில் தசை இருந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து உள்ளே தள்ளினாள். சிற்பம் அவளுக்குத் தெரியாது. வேலை மோசமாக இருந்தது. ஒரு கண் மூக்கோடு சேர்ந்து இழுபட்டு, கீழிமை ஒரு நூல் அல்ல, அரை விரல் இறங்கிவிட்டது.

இருபது நிமிடத்தில் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஆச்சு" என்றாள். கூடத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி அடித்தபோது பெனிட்டா வந்தாள். தலையைப் பார்த்தாள், மிதிலாவைப் பார்த்தாள். "அக்காவேதான்" என்றாள். பிறகு, "உள்ள வெச்சரட்டுங்களாண்ணா?"

நாவரசு பெட்டியின் உள்வயதைப் பார்த்தார். அறுபத்தொரு நாள், சில மணி. எல்லாவற்றையும் இப்படியே வைத்து மூடினால் அடுத்த வாரம் இமையைச் சரிசெய்யலாம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கூசிற்று.

"இல்லம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம்."

"திரும்பக் கொண்டுவருவீங்களா, பெட்டியப் பிடிச்சு வைக்கட்டா?"

"வேற யாருக்காவது குடுத்துடு."

பேருந்தில் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது கழுத்தில் இன்னொரு விரல் பதிந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரமாக வைத்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"இனி என்னுங்க செய்யோணும்?" என்றாள் மிதிலா.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ரெண்டு வாரம் காயோணும். அப்புறம் சூளை. அவசரப்பட்டா வெடிச்சுடும், உள்ள இருக்கற தண்ணி மெதுவா வெளிய வரோணும்." சொல்லிவிட்டு, அவசரம் என்ற சொல் தன் வாயில் எப்படி ஒலித்தது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "முதல் வருசமே காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லவில்லை. "நல்லா இல்லைன்னு சொல்லியிருப்பேனுங்க. கிண்டல்கூடப் பண்ணியிருப்பேன்."

"அதான்."

"அப்புறம், சரி, அடுத்ததப் பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன். அடுத்ததும் நல்லா இருந்திருக்காது. பத்துப் பதினஞ்சு மூஞ்சி இந்த வீட்டுல அங்கங்க உக்காந்திருக்கும், தூசி தட்டறதுக்குன்னு உங்களோட சண்டை போட்டிருப்பேன்." விரலில் காய்ந்திருந்த மண்ணைத் தேய்த்தபடி சொன்னாள்: "அதையெல்லாம் பார்த்திருப்பேனுங்க."

நாவரசு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டு, தொலைக்காட்சியின் பக்கம், ஜன்னல் திண்டு. எல்லா இடமும் காலியாக இருந்தது.

மண் எங்கே மெல்லியதோ அங்கேதான் முதலில் காயும். காதுமடலின் விளிம்பில் கருஞ்சிவப்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாக வெளுக்கத் தொடங்கியது. அவர் கை பழக்கத்தில் ஈரத்துணியைத் தேடிற்று. துணியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னுங்க, சத்தத்தையே காணோம்?"

"காது காயுது."

"யாருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். மேலுதடு ஒரு பக்கம் தூக்கியது. சிரித்தபடியே, அவர் அங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைக் காலி நாற்காலியின் பக்கம் திருப்பினாள். நாவரசு சத்தமில்லாமல் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.